பக்கத்து வீட்டுச் சண்டை

மார்ச் 3, திங்கள்

இன்று வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பது தாண்டிய பிறகு கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொள்வது இதுதான் முதல் தடவை. இதுவரை நான் மற்றவர்களுக்கு வேலை கொடுத்துத்தான் பழக்கம்.

பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணித்துண்டுகளை எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் என்போம். அதை வாங்கி, வெள்ளை தனி கலர் தனி என்று பிரித்து, மூட்டை கட்டி வடக்கே நூல் மில்லுகளுக்கு ஏற்றுவது என் தொழில். சைக்கிளில் ஆரம்பித்து டெம்போ வரைக்கும் வந்தேன். போன தை மாதம் குடோன் இடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். வேறு இடம் தேடியிருக்கலாம். தேடவில்லை. மகன் கிருபாகரனுக்குக் கம்ப்யூட்டர் வேலை; அவனுக்கு இந்தத் தூசி ஆகாது.

வடக்கத்திக்காரர்களோடு விலை பேசிப் பேசி எனக்கு இந்தி வந்துவிட்டது. போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் நூறு எண்ணுக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்போது வடமாநிலத் தொழிலாளிகளுடையவை. இந்தி தெரிந்தவர் ஒப்பந்தத்தில் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு போனை என்னிடம் நீட்டி, "இவன் என்ன சொல்றான் பாருங்க" என்றார். பர்ஸைத் தொலைத்த பையன் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அவனை அதட்டி, அழுகையை நிறுத்தி, இடம், அடையாளம் எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

என் மேற்பார்வையாளர் சிறப்பு எஸ்.ஐ. துரைக்கண்ணு. ஓய்வுக்குக் கிட்டத்தில் இருப்பவர். வந்ததுமே, "வாங்க முதலாளியம்மா, இங்க மூட்டை எல்லாம் தூக்க வேண்டாம்" என்றார். பக்கத்து இருக்கையில் கான்ஸ்டபிள் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அவள்தான் எல்லாம் சொல்லித் தருகிறாள்.

காதில் மாட்டும் ஹெட்செட் ஒரு பக்கம்தான் பேசும். இடது காதுக்கு என்று வைத்திருந்தார்கள். வலது பக்கம் மாற்றித் தரச் சொன்னேன். இடது காது எனக்குக் கொஞ்சம் மந்தம். கல்யாணமான வருஷத்திலிருந்து.

மார்ச் 4, செவ்வாய்

வேலை புரிந்துவிட்டது. அழைப்பு வந்ததும் பெயர், இடம், விஷயம் கேட்டுப் பதிய வேண்டும். பதிந்தால்தான் ரோந்து வண்டிக்குச் சொல்ல முடியும். வண்டிக்காரர்கள் போய்ப் பார்த்துவிட்டு மைக்கில் பதில் சொன்னதும் அதையும் பதிந்து முடிக்க வேண்டும். சரக்கு கேட்பவர், லாரி, டெலிவரி. எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

கேட்கிற விஷயங்கள்தான் தினுசு தினுசு. கரண்ட் போய்விட்டது என்று ஒருவர். தண்ணீர் லாரி வழியை அடைத்துவிட்டது என்று ஒருவர். மாமியார் தன் கோழியைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று ஓர் அம்மா.

"கோழி உங்களதுதான்னு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"நாங் கூப்பிட்டா வருமுங்க."

"அப்பக் கூப்பிடுங்க. வந்துட்டா கேஸ் முடிஞ்சுது."

ஜெசிந்தா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். துரைக்கண்ணு, "எல்லாம் ரெக்கார்டு ஆகுதும்மா" என்றார். சிரிப்பை அவரும் மறைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

மறுநாள் அழைப்பு என்று ஒரு வேலை இருக்கிறது. நேற்று நூறுக்குக் கூப்பிட்டவர்களை இன்று நாங்கள் கூப்பிட்டு, வண்டி வந்ததா, திருப்தியா என்று கேட்டுக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் இதில் மதிப்பெண் உண்டு. எங்கள் ஊர் கடைசியில் கிடக்கிறதாம். காரணம், முக்கால்வாசிப் பேர் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் வங்கிக் கடன் கம்பெனி என்று நினைத்து வைத்துவிடுகிறார்கள்.

"யாருக்கும் இந்த வேல புடிக்காதுக்கா" என்றாள் ஜெசிந்தா. "ஒப்புக்குக் கூப்பிட்டுட்டு, எடுக்கலன்னு போட்டுட்டுப் போயிருவோம்."

இது எனக்குப் புரியவில்லை. லாரி ஏற்றிவிட்டு, சரக்கு வந்து சேர்ந்ததா, ஈரம் கீரம் இருந்ததா என்று மறுநாள் கேட்காமல் நான் இருந்ததே இல்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் வியாபாரம் பிடித்தேன். துரைக்கண்ணுவிடம் சொல்லி அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்குச் சந்தோஷம்.

மார்ச் 9, ஞாயிறு

நினைத்தது சரி. இது பனியன் ஊர். வாரநாளில் கூப்பிட்டால் எவன் எடுப்பான், மெஷின் சத்தத்தில் போன் அடிப்பதே கேட்காது. ஞாயிற்றுக்கிழமை கறி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் கூப்பிட வேண்டும். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வாரநாளில் எடுக்காதவர்களையும் சேர்த்து இன்று கூப்பிட்டேன். மடமடவென்று எடுத்தார்கள்.

இன்னொன்று. எடுத்ததும் ஹலோ, யாருங்க, நாங்க இங்கிருந்து என்று இழுக்கக் கூடாது. எதிராளி வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் சரக்கின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். "கட்டுப்பாட்டு அறைங்க, நேத்து இன்ன விஷயத்துக்கு நூறுக்குக் கூப்பிட்டீங்க, வண்டி வந்துச்சுங்களா?" ஒரே மூச்சில். அப்புறம் யாரும் வைப்பதில்லை.

துரைக்கண்ணு எல்லோருக்கும் டீ சொன்னார். "ஒரு வியாபாரிய உள்ள விட்டா இதான் நடக்கும்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

கிருபாகரன் வந்திருந்தான். அப்பா படத்தில் மாலை காய்ந்து தொங்குகிறது என்றான். வாங்க மறந்துவிடுகிறது.

மார்ச் 12, புதன்

இன்று இந்தி அழைப்புகள்தான் அதிகம். ஒருவன் அறைக்கூட்டாளி தன் போனைத் திருடிவிட்டான் என்று அந்தப் போனிலிருந்தே பேசினான். சொன்னதும் அவனே யோசித்து, "சரி தீதி, வைக்கிறேன்" என்றான். தீதி என்றால் அக்கா. இன்ஸ்பெக்டர் போகிற போக்கில் என் மேஜையருகே நின்று, மதிப்பெண் ஏறியிருப்பதாகச் சொன்னார். மேலிடத்தில் கேட்டார்களாம்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலத்துக்கு மேல் சண்டை அழைப்புகள் வரும் என்று ஜெசிந்தா முன்பே சொல்லியிருந்தாள்.

ஒரு பெண். சின்ன வயதுக் குரல். வாயைக் கையால் மூடிப் பேசுவது போல இருந்தது.

"பக்கத்து வீட்ல ஒரு பொண்ண அடிக்கறாங்க. போலீஸ் வரச் சொல்லுங்க."

"எந்த இடமுங்க கண்ணு?"

சொன்னாள். ராசாக்கவுண்டன் தோட்டம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரிசை வீடுகள், நீல கேட்டு போட்ட கடைசி வீடு.

"அடிக்கறது யாருங்க?"

"புருஷன். லோகநாதன்னு பேரு. டெய்லரு. பீரோ சாவி காணோம்னு அடிக்கறாரு. இப்பக் கடைக்குப் போயிருக்காரு, வந்துருவாரு."

"உங்க பேரு?"

"பேரு வேண்டாங்க. நாந்தான் சொன்னேன்னு தெரியக் கூடாது."

"தெரியாது. நீங்க வீட்டுக்குள்ளயே இருங்க."

பேசும்போது பின்னால் பக்கெட்டில் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. மூட்டையை வெளியே பார்த்து விலை சொல்கிறவள் இல்லை நான். உள்ளே கையை விட்டு ஈரம் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பீரோ சாவி சமாசாரம் எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரி எதற்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேச வேண்டும்? ஆனால் அவள் பக்கத்து வீடு என்று சொன்னாள், நானும் பக்கத்து வீடு என்றே பதிந்தேன். அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. யார் கூப்பிட்டது என்று தெரியாதவரை அவன் தெருவில் உள்ள எல்லோரையும் சந்தேகப்படலாம், அவளைத் தவிர.

ரோந்து மூன்று என்ற வண்டி போனது. கணவனை எச்சரித்துவிட்டு வந்ததாக மைக்கில் சொன்னார்கள். பதிந்து முடித்தேன்.

குழாய் விஷயத்தை ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

முற்பகலில் மறுநாள் அழைப்புகளை ஆரம்பித்தேன். ராசாக்கவுண்டன் தோட்டம் பட்டியலில் நடுவில் எங்கோ இருந்தது. நான் அதை முதலில் எடுத்தேன். ஏன் என்று கேட்டால், எல்லாரையும் இன்று கூப்பிடத்தானே வேண்டும்.

மணி அடித்தது, எடுத்தார்கள். நான் ஒரே மூச்சில் சொன்னேன். "கட்டுப்பாட்டு அறைங்க, நேத்து சாயங்காலம் பக்கத்து வீட்ல சண்டைன்னு நூறுக்குக் கூப்பிட்டீங்க, வண்டி வந்துச்சுங்களா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்தது. பிறகு ஓர் ஆண் குரல், ரொம்ப மரியாதையாக.

"எந்த நம்பர்ல இருந்துங்க கூப்பிட்டாங்க?"

"இதே நம்பர்தானுங்க" என்றேன். வாயிலிருந்து போன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

"ஓ. வந்துச்சுங்க, வண்டி வந்துச்சு. ரொம்பத் திருப்திங்க. வினோதினின்னு பேர் போட்டுக்கங்க." போனை வைத்துவிட்டான்.

என் கை பழக்கத்தில் 'திருப்தி' என்ற கட்டத்தை அமுக்கிவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. துரைக்கண்ணுவிடம் போய், ரோந்து மூன்றை அங்கே அனுப்பச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

"புகார் யாரு?" என்றார்.

"யாரும் இல்லீங்க ஐயா. நான்தான் சொல்றேன்."

"நீங்க சொல்றத வெச்சு எப்படிம்மா? ரோந்து மூணு கோயில் பந்தோபஸ்துல நிக்குது. அத எடுக்கணும்னா அழைப்பு வேணும். அழைப்பு இல்லாம எடுத்தேன்னா நாளைக்கு நான் பதில் சொல்லணும்." திரையைக் காட்டினார். "இங்க பாருங்க, கூப்பிட்டவங்க ரொம்பத் திருப்தின்னு நீங்களே போட்டிருக்கீங்க."

"அது அவ சொன்னதில்லீங்க."

"அது இங்க தெரியலையே முதலாளியம்மா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பில் இல்லாமல் லாரியை நானும் வெளியே விட்டதில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று என் சொந்த போனில் நூறை அழுத்தினேன். ஞாயிறு என்பதால் தமிழுக்கு ஜெசிந்தா ஒருத்திதான் இருந்தாள்.

"வணக்கம், போலீஸ் கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க."

"பக்கத்து வீட்ல ஒரு பொண்ண அடிக்கறாங்க."

கண்ணாடி ஜன்னல் வழியாக அவள் தலை என் பக்கம் திரும்புவது தெரிந்தது. பிறகு திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"முகவரி சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"பக்கத்து வீட்ல."

"உங்க பேரு?"

"பேர் வேண்டாங்க."

"சத்தம் இப்பவும் கேக்குதாம்மா?"

"கேக்குது" என்றேன். கேட்கத்தான் செய்தது.

"வண்டி வருது. நீங்க வீட்டுக்குள்ளயே இருங்க" என்றாள். சொல்ல வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னாள். நல்ல பிள்ளை.

நான் உள்ளே வந்து உட்கார்ந்தபோது ரோந்து மூன்று கிளம்பிவிட்டிருந்தது. இந்தி அழைப்பு ஒன்று வந்தது, எடுத்துப் பேசினேன். கடையில் மீதிச் சில்லறை தரவில்லை என்று. பொறுமையாகத்தான் பேசினேன்.

மைக்கில் ரோந்து மூன்றின் ஏட்டு வந்தார். "ராசாக்கவுண்டன் தோட்டம். வீடு வெளிய பூட்டிக் கெடக்கு. ஆள் இல்ல. அக்கம்பக்கமும் பூட்டியிருக்கு, எல்லாம் கோயிலுக்குப் போயிட்டாங்க போல. முடிச்சுக்கலாமா?"

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். குடோனுக்குள் எத்தனை பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று பார்க்க நான் உள்ளே போனதில்லை. வாசலில் செருப்பைப் பார்ப்பேன்.

"வாசல்ல செருப்பு கெடக்குதான்னு கேளு" என்றேன்.

கேட்டாள். கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். "லேடீஸ் செருப்பு ஒரு ஜோடி இருக்கு. பக்கத்துல ஒரு ஹைஹீல்ஸ். அதுவும் லேடீஸ்தான்."

"வீட்ல எத்தன பொண்ணுக?" என்று துரைக்கண்ணு என்னிடம் கேட்டார்.

"ஒருத்திதானுங்க. டெய்லர் பொண்டாட்டிக்கு ரெண்டு ஜோடிக்கு மேல எங்கீங்க இருக்கும்? ரெண்டும் வாசல்ல கெடக்குது."

அவர் எழுந்து வந்து ஜெசிந்தாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "பூட்ட உடைங்க. நான் சொல்றேன். என் பேர்ல எழுதிக்கங்க."

உள்ளே இருந்தாள். குளியலறையில். உயிர் இருக்கிறது, 108 வேண்டும் என்றார்கள்.

அவனைச் சாயங்காலம் மதுக்கடைப் பக்கத்தில் பிடித்தார்கள்.

மார்ச் 17, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன். துணி துவைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். போகக் கூடாது என்று விதி இருக்கிறது. கூப்பிட்டவர்களை நாங்கள் நேரில் பார்க்கக் கூடாது. ஆனால் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பெண்கள் வார்டுக்குள் போகிற ஐம்பது வயதுக்காரியை யார் தடுக்கப் போகிறார்கள்.

இடது கையில் மாவுக்கட்டு. காதில் பஞ்சு. மெலிந்த பெண், கிருபாகரனைவிடச் சின்னவள்தான் இருப்பாள். பெருந்துறையில் இருக்கும் அவள் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினாள். அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று தேடினாள் போலிருக்கிறது.

"ஞாயித்துக்கிழம போன் பண்ணுனது நீங்கதான?"

"ஆமா."

"உங்க குரல ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் அடுப்புகிட்ட நின்னுட்டிருந்தேன்."

ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

"வண்டி வந்துச்சுங்களா, வண்டி வந்துச்சுங்களா. உங்கள மாதிரியே சொல்லிச் சொல்லி அடிச்சாரு. திருப்திங்களா, திருப்திங்களான்னு." அழாமல் சொன்னாள். "எதுக்குங்க கூப்பிட்டீங்க? நான்தான் பேரே சொல்லலையே."

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றும் இல்லை. மதிப்பெண் என்று சொன்னால் அவளுக்குப் புரியப் போவதில்லை. இன்று எனக்கே புரியவில்லை.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்தேன். அவளே திரும்பாமல் கேட்டாள்.

"அதுக்கப்புறம் யாருங்க கூப்பிட்டது? எங்க லைன்ல ஒருத்தருமே இல்லையே அன்னைக்கு."

"யாரோ பக்கத்து வீட்டுக்காரங்க" என்றேன்.

"அவங்க நல்லாருக்கணும்" என்றாள்.

வெளியே வந்து நர்ஸிடம், அந்தப் பெண்ணின் காதைக் காது டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். கை எலும்புக்குத்தான் அவசரம், காதுக்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அடுத்த வாரம் வேண்டாம், இன்றே காட்டுங்கள் என்று அங்கேயே நின்றேன். உடனே பார்த்தால் சவ்வு கூடிவிடும். தள்ளிப்போட்டால்தான் மந்தமாகிவிடும். சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 19, புதன்

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நூறுக்குக் கூப்பிட்ட எண் என்னுடையது என்று கண்டுபிடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. துரைக்கண்ணு பக்கத்தில் நின்றார். "பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்க கூப்பிட்டாங்க சார், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று அவர் முதலிலேயே சொல்லியிருக்கிறார்.

"நாந்தான் சார் கூப்பிட்டேன்" என்றேன்.

"பொய் அழைப்புன்னு உங்க மேல கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க சார். பக்கத்து வீடுன்னு சொன்னது பொய்தான். அடிக்கறாங்கன்னு சொன்னது பொய்யில்ல."

"அந்த முதல் போன நீங்க பண்ணாம இருந்திருந்தா?"

"அதுக்குத்தான் சார் என் மேல கேஸ் போடணும். அதுக்கு உங்ககிட்டச் சட்டம் இல்ல."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. வியாபாரிதான நீங்க" என்றார்.

சரக்கு அனுப்பும்போதே, எப்போது வந்தால் ஆள் இருப்பீர்கள் என்று கேட்டு வாங்குவோம். கேட்காமல் போய் நிற்கிற லாரி திரும்பித்தான் வரும். அதே மாதிரி நூறுக்குக் கூப்பிடும்போதே, நாங்கள் திருப்பிக் கூப்பிடலாமா, இந்தப் போன் வேறு யார் கையிலாவது போகுமா என்று கேட்டுப் பதிய வேண்டும். வேண்டாம் என்றால் கூப்பிடக் கூடாது. மறுநாள் கூப்பிடும்போதும் விஷயத்தைச் சொல்லும் முன்னால், பேசலாமா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். வேறு யார் எடுத்தாலும், தவறான எண் என்று வைக்கப் பழக வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன்.

"இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டம் இல்லையேம்மா. மேல எழுதிக் கேக்கணும். எடுக்காதவங்க கூடிடுவாங்க, மார்க் இறங்கும்."

"இறங்கட்டும் சார்."

மறுநாள் அழைப்புகளை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். என் ஒப்பந்தம் பற்றி மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றார். பார்க்கட்டும்.

மார்ச் 20, வியாழன்

ஜெசிந்தா வழி கண்டுபிடித்துவிட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில் 'கூப்பிடாதே' என்று எழுதி வைத்தால் போதும், கட்டம் எதற்கு என்கிறாள். எல்லா ஷிப்டுக்கும் சொல்லிவிட்டாள். "நேத்து மட்டும் நாலு பேரு வேண்டாம்னுட்டாங்கக்கா. அதுல ஒருத்தி, கேட்டதுக்கு ரொம்ப நன்றின்னு சொன்னா. இத்தன வருஷமா எவளும் எனக்கு நன்றி சொன்னதில்ல."

மார்ச் 23, ஞாயிறு

மறுநாள் அழைப்புகள் இல்லாத ஞாயிறு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கறி வேகும் நேரம் போயிற்று.

வினோதினியை அவள் அக்கா பெருந்துறைக்குக் கூட்டிப் போய்விட்டதாக ஏட்டு சொன்னார். அவன் சிறையில் இருக்கிறான். ஜாமீனுக்கு மனுப் போட்டிருக்கிறான். கிடைக்கும். கிடைத்ததும் அவளுக்கு யார் சொல்வார்கள் என்று ஏட்டிடம் கேட்டேன். ஸ்டேஷனில் சொல்வார்கள் என்றார். யார், எந்தப் பெயருள்ளவர் என்று கேட்டு, அங்கிருக்கும் பெண் ஏட்டிடம் நானே பேசினேன். அக்காவின் எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

மார்ச் 27, வியாழன்

இன்று விடுமுறை. கிருபாகரன் வந்து, புது மாலை ஒன்றை அவனே வாங்கி அவர் படத்துக்குப் போட்டுவிட்டு, குளிக்கப் போனான். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது, எங்கள் கட்டுப்பாட்டு அறை. நிறுத்தி வைத்த அழைப்புகளை இன்று திரும்ப ஆரம்பிக்கிறார்கள். நூறுக்குக் கூப்பிட்ட எண்களில் என் எண்ணும் பட்டியலில் இருக்கும்தானே.

"வணக்கங்க. இப்பப் பேசலாமா?" ஜெசிந்தாவின் குரல். அலுவலகக் குரல்.

"பேசலாம்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

நிமிர்ந்தேன். நேர் எதிரே அவர் படம். சாமந்தி மாலை, பெரியது. என் கையில் அவருடைய பழைய வேட்டி ஒன்று, தரை துடைக்க வைத்திருப்பது.

"இல்ல. யாரும் இல்ல" என்றேன்.

"போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசுதேங்க. பக்கத்து வீட்ல ஒரு பொண்ண அடிக்காங்கன்னு கூப்பிட்டிருந்தீங்க. வண்டி வந்துச்சா?"

"வந்துச்சு."

"சீக்கிரம் வந்துச்சா, லேட்டா?"

"லேட்டு. ரொம்ப லேட்டு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பதிகிறாள்.

"எங்க சேவை உங்களுக்குத் திருப்தியா?"

"திருப்தி இல்லன்னு போடு."

"அக்கா" என்றாள், மெதுவாக. "காரணம் எழுதணும்க்கா."

"அவளக் கேக்காம அவளக் கூப்பிட்டாங்கன்னு எழுது."

எழுதினாள். முழுவதும் எழுதி முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை. பிறகு துணி மடித்து முடித்தேன். நாளைக்குக் காலை ஷிப்ட்.